உடலியங்கியலில் முதல் ஆய்வு: கேள்வி தேடுவதிலிருந்து மேடையேறிப் பேசுவது வரை

எம்.பி.பி.எஸ். முதலாண்டு முடித்தவர், எம்.எஸ்சி. உடலியங்கியல் சேர்ந்தவர், பிசியோதெரபி மாணவர் என யாராக இருந்தாலும் முதல் ஆய்வில் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். இரண்டு மாதம் ஓடியாடி அளவெடுப்பார்கள். எக்செல் கோப்பு நிறைந்துவிடும். பிறகு வழிகாட்டியின் அறைக்கு வந்து, “சார், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?” என்பார்கள். அளவெடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆய்வு ஒரு வேலை, அதை எழுதிப் பேசுவது அதற்குப் பிறகு வரும் வேறொரு வேலை என்று நினைத்துக்கொள்வதால்தான் இப்படி ஆகிறது.

இந்த வழிகாட்டி நெடுக நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான். கடைசியில் மாநாட்டில் காட்டப்போகும் வரைபடத்தை, ஒரு புள்ளிகூட வைக்காமல், முதல் வாரமே காகிதத்தில் வரைந்துவிடுங்கள். அச்சுகள், அலகுகள், தலைப்பு எல்லாம் அதில் இருக்கட்டும்; தரவு மட்டும் இல்லாமல் இருக்கட்டும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் மனதில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகலாம். முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி மூச்சடக்கினால் இதயத் துடிப்பு குறையும். டைவிங் ரிஃப்ளெக்ஸ், அதாவது முங்கல் அனிச்சை என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். நெற்றியிலும் கண்களைச் சுற்றியும் உள்ள குளிர் உணரிகள் ஐந்தாம் கபால நரம்பு வழியே மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. கூடவே கைகால்களின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கடலில் முங்கும் பாலூட்டிகளிலும் பறவைகளிலும் இதையெல்லாம் அளந்து பெர் ஷோலாண்டர் 1940-இல் விரிவாக வெளியிட்டார். மனிதரில் இதன் அளவு சிறியது என்றாலும், கல்லூரி ஆய்வகத்தில் அளக்கப் போதுமானது. ஒரு பேசின், ஐஸ், வெப்பமானி, துண்டு, ஈசிஜி பதிவுக் கருவி இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

விலங்கு தேவையில்லை என்பதும் இந்தச் சோதனையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். தவளையின் கெண்டைக்கால் தசையை நெம்புகோலில் மாட்டி, புகையேற்றிய காகிதம் சுற்றிய கைமோகிராஃப் உருளையில் கோடு விழுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. கார்ல் லுட்விக் 1847-இல் கொண்டுவந்த அந்தக் கருவி நம் ஆம்பிபியன் லேப்களில் ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் சுழன்றது. 2014-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியபின், எம்.பி.பி.எஸ். பாடத்தில் அந்த இடத்துக்குக் கணினிப் போலச்செய்தல் வந்துவிட்டது. திரையில் தசை சுருங்குவதைப் பார்க்கலாம்தான். ஆனால் சமிக்ஞையில் இரைச்சல் வருவதும், மின்முனை கழன்றுவிடுவதும், ஆளுக்கு ஆள் பதில் மாறுவதும் திரையில் வராது. ஆய்வு கற்க அந்தத் தொல்லைகளெல்லாம் வேண்டும். அதை மனிதர்களிடம் செய்யும் பாதுகாப்பான சிறு சோதனைகள் தரும்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

“மாணவர்களின் இதய ஆரோக்கியத்தில் குளிர்நீரின் தாக்கம்” என்பது தலைப்பு. அதில் கேள்வி இல்லை. கேள்வி என்றால் யாரிடம், என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, எதை, எந்த அலகில் அளக்கப்போகிறோம் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். நம் சோதனைக்கு இப்படி எழுதலாம்:

18 முதல் 25 வயது வரையுள்ள ஆரோக்கியமான மாணவர்கள் 30 விநாடி மூச்சடக்கும்போது, முகம் 15 டிகிரி செல்சியஸ் நீரில் இருந்தால், அதே குனிந்த நிலையில் காற்றில் மூச்சடக்குவதைவிட இதயத் துடிப்பு நிமிடத்துக்கு எத்தனை குறைகிறது?

“அதே குனிந்த நிலையில்” என்ற சொற்களைக் கவனியுங்கள். பேசினுக்கு மேல் குனிவதே துடிப்பைக் கொஞ்சம் மாற்றும். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சடக்கியதை, குனிந்து நீரில் முகம் வைத்ததோடு ஒப்பிட்டால் நீரை அளந்தோமா, குனிவதை அளந்தோமா என்று யாராலும் சொல்ல முடியாது. நுரையீரலில் எவ்வளவு காற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்குகிறார் என்பதும் துடிப்பைப் பாதிக்கும். அதனால் எல்லா நிலைகளிலும் “சாதாரணமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்து, அப்படியே பிடியுங்கள்” என்று ஒரே அறிவுரை. கட்டுப்பாட்டு நிலை என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பரிசோதனை உடலியங்கியலில் பாதி மூளை அதற்குத்தான் செலவாகிறது.

படி 2: படிப்பது, நம் ஊரை நினைவில் வைத்துக்கொண்டு

மருத்துவக் கட்டுரைகளுக்கான இலவசத் தேடுதளமான பப்மெட்டில் தேடுங்கள். ஒரே பொருளுக்கு உள்ள மாற்றுச் சொற்களை ‘ஆர்’ (OR) கொண்டும், வெவ்வேறு கருத்துகளை ‘ஆண்ட்’ (AND) கொண்டும் இணையுங்கள். எந்தச் சொற்களை எந்தத் தேதியில் தேடினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். கிடைத்தவற்றை ஸோட்டிரோ போன்ற இலவச மென்பொருளில் அன்றன்றே சேர்த்துவிடுங்கள். மேற்கோள் பட்டியலைக் கடைசி இரவில் கையால் தட்டச்சு செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு கட்டுரையைத் தலையிலிருந்து கால்வரை படிக்க வேண்டியதில்லை. சுருக்கம், பிறகு படங்கள், பிறகு செய்முறை. முடிவுரையை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளுங்கள். படங்களைப் பார்த்து நீங்களே ஒரு முடிவுக்கு வந்தபின் ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால், இரண்டுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று தெரியும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அட்டவணை வரி எழுதுங்கள்: எத்தனை பேர், நீரின் வெப்பநிலை, மூச்சடக்கிய நேரம், துடிப்பை எப்படிக் கணக்கிட்டார்கள், எவ்வளவு குறைந்தது. பத்துப் பதினைந்து வரிகள் சேர்ந்ததும், எங்கே ஓட்டை இருக்கிறது என்று அட்டவணையே காட்டிவிடும்.

நம் விஷயத்தில் அந்த ஓட்டை கண்ணெதிரே இருக்கிறது. இந்தத் துறையின் கட்டுரைகளில் பல, குளிர் நாடுகளிலிருந்து வந்தவை. நீரின் வெப்பநிலை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையும் இந்த அனிச்சையின் வலிமையை மாற்றுகிறது என்று ஷாகடே, ஹோல்ம் இருவரும் 1996-இல் காட்டினார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மே மாதம் குழாயைத் திறந்தால் வருவது வெதுவெதுப்பான நீர். ஏசி இல்லாத ஆய்வகத்தில் காற்று 33 டிகிரியில் இருக்கும். அங்கே அறை வெப்ப நீரில் முகம் வைத்தால் என்ன ஆகும்? இதை மூன்றாவது நிலையாகச் சேர்த்துக்கொண்டால், சின்ன ஆய்வுக்கும் சொந்தமாக ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

படி 3: வெற்று வரைபடம்

இப்போது காகிதத்தை எடுங்கள். கிடை அச்சில் மூன்று நிலைகள்: காற்றில் மூச்சடக்கல், அறை வெப்ப நீர், 15 டிகிரி நீர். நெடு அச்சில் இதயத் துடிப்பு, நிமிடத்துக்கு. ஒவ்வொருவருக்கும் மூன்று புள்ளிகள், அவற்றை இணைக்க ஒரு கோடு.

வரைய ஆரம்பித்ததுமே கேள்விகள் வந்து மோதும். இதயத் துடிப்பு என்றால் எது? 30 விநாடியின் சராசரியா, கடைசி 10 விநாடியின் சராசரியா, ஆகக் குறைந்த ஒற்றைத் துடிப்பா? துடிப்பு குறைய ஆரம்பித்து நிலைகொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் கடைசி 10 விநாடியை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. எதை எடுத்தாலும் அளவெடுக்கும் முன் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிட வேண்டும். மூன்றையும் கணக்கிட்டுவிட்டு நன்றாக வந்ததைத் தேர்ந்தெடுப்பது ஆய்வு அல்ல. அப்படிச் செய்யும்போது ஏமாற்றுகிறோம் என்ற உணர்வுகூட வராது, ஆபத்தே அதில்தான்.

அடுத்த கேள்வி வரிசை. எல்லோருக்கும் குளிர்நீரைக் கடைசியில் வைத்தால், பழகிப்போனதால் துடிப்பு குறைந்ததா, குளிராலா என்று தெரியாது. மூன்று நிலைகளை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஆகவே பங்கேற்பாளர் எண்ணிக்கை ஆறின் மடங்காக இருந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் சம எண்ணிக்கையில் ஆட்கள் அமைவார்கள். யாருக்கு எந்த வரிசை என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும்.

எத்தனை பேர்? “முப்பது பேர் போதும் சார், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க” என்பது நம் கல்லூரிகளில் புழங்கும் சாஸ்திரம். அதற்குப் பதில் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரே ஆளிடம் இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது, நாம் பொருட்படுத்தும் குறைந்தபட்ச வேறுபாடு நிமிடத்துக்கு 5 துடிப்பு, அந்த வேறுபாடு ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் (standard deviation) 8 என்று முந்தைய ஆய்விலிருந்தோ முன்னோட்டத்திலிருந்தோ தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம், இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் திறன் 80 சதவீதம் என்றால் பெருக்க வேண்டிய எண் 7.84. அதை 8-இன் வர்க்கமான 64-ஆல் பெருக்கி, 5-இன் வர்க்கமான 25-ஆல் வகுத்தால் 20.07. சிறு மாதிரிக்கான திருத்தத்தையும் சேர்த்து ஆறின் மடங்குக்கு ஏற்றினால் 24. இடையில் விலகுபவர்கள் இருப்பார்கள் என்று தோன்றினால் 30. இப்போது முப்பதுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

படி 4: நெறிமுறைக் குழு

பலர் இதை ஒரு முத்திரைக்காக வரிசையில் நிற்பதாகவே நினைக்கிறார்கள். உண்மையில் உங்கள் எழுத்தைத் துறைக்கு வெளியே ஒருவர் முதன்முதலாகப் படிப்பது இங்கேதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள்படி, அந்தக் குழுவில் மருத்துவரோடு சட்டம் தெரிந்தவரும் சாதாரண மனிதர் ஒருவரும் இருப்பார்கள். அந்தச் சாதாரண மனிதருக்குப் புரியாவிட்டால் உங்கள் விண்ணப்பம் சரியாக எழுதப்படவில்லை என்று பொருள்.

நம் சோதனையில் அவர்கள் கேட்கக்கூடியவை எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். யாரைச் சேர்க்க மாட்டீர்கள்? இதய நோய், சீரற்ற துடிப்பு, மயங்கி விழுந்த வரலாறு, வலிப்பு, ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் விலக்கு. நிறுத்த வேண்டும் என்றால் எப்படித் தெரிவிப்பார்? முகம் நீருக்குள் இருக்கும்போது பேச முடியாது. ஆகவே மேசையைத் தட்டுவது அல்லது தலையை எடுத்துவிடுவது, காரணம் கேட்கப்படாது. முன்கூட்டியே வேகவேகமாக மூச்சு வாங்கக் கூடாது என்று சொல்வீர்களா? கண்டிப்பாக. அப்படி வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் தாமதமாகி, ஆக்சிஜன் இறங்கி நினைவு தப்பலாம். ஈசிஜியில் எதிர்பாராத கோளாறு தெரிந்தால்? யாரிடம் அனுப்புவீர்கள், எப்படிச் சொல்வீர்கள் என்பதை முன்பே எழுதி வையுங்கள். மருத்துவர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பங்கேற்பாளர்கள் பெரும்பாலும் உங்கள் ஜூனியர்கள். பேராசிரியர் கூப்பிட்டால் மறுக்க முடியாது, சீனியர் அண்ணன் கேட்டால் மறுக்கக் கூச்சம். இப்படி அதிகாரப் படிநிலையில் கீழே இருப்பவர்களை எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்றே ஐசிஎம்ஆர் கருதுகிறது. அதனால் மதிப்பெண் போடும் ஆசிரியர் ஆள் சேர்க்கக் கூடாது. விருப்பமுள்ளவர்கள் தாமாக வர ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், நல்ல தமிழில். “இவ்வாய்வில் பங்கேற்பாளர் முக அமிழ்த்தலுக்கு உட்படுத்தப்படுவார்” என்று எழுதாதீர்கள். “உங்கள் முகத்தைக் குளிர்ந்த நீரில் 30 விநாடி வைத்திருக்கச் சொல்வோம். முடியாவிட்டால் உடனே எடுத்துவிடலாம்” என்று எழுதுங்கள். படிவத்தைத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அறிவியலை எடுத்துச் சொல்வதில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் பயிற்சி இது.

விலங்குகளோடு வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வேறு பாதை: நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு, ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் சொன்ன மாற்று, குறைப்பு, மேம்பாடு என்ற மூன்று கொள்கைகள், எழுதும்போது 2020-இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் வழிகாட்டுதல்கள். அதற்குத் தனியாகவே ஒரு கட்டுரை வேண்டும்.

படி 5: முன்னோட்டம், சமிக்ஞை, நோட்டுப் புத்தகம்

ஒப்புதல் கிடைத்ததும் முதல் வாரம் தரவு சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் முன்னோட்டம் பாருங்கள். அவர்களின் தரவு முடிவில் சேராது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் போதுமே, ஈசிஜி எதற்கு என்று தோன்றும். போதாது. இந்த அனிச்சையின்போது விரல்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நாம் அளக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் விரலில் சமிக்ஞை மங்கும். தவிர, அந்தக் கருவி சில விநாடிகளின் சராசரியைத்தான் திரையில் காட்டுகிறது. ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் உயர்ந்து நிற்கும் ஆர் (R) அலையிலிருந்து அடுத்த ஆர் அலை வரை மில்லிவிநாடியில் அளந்து, 60,000-ஐ அதனால் வகுத்தால் அந்தத் துடிப்புக்கான வேகம் கிடைக்கும். இடைவெளி 800 என்றால் நிமிடத்துக்கு 75. 1,200 என்றால் 50.

திரையில் ஈசிஜி கோடு தடித்து மயிர்க்கூச்செறிந்தது போல் தெரிந்தால், அது பெரும்பாலும் மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஃபில்டரை அமுக்கி மறைப்பதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்: தோலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தீர்களா, மின்முனை காய்ந்துவிட்டதா, பக்கத்தில் செல்போன் சார்ஜர் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா. நீர் தெறிக்கும் இடம் என்பதால் மனிதரில் பயன்படுத்தச் சான்று பெற்ற, மின்தனிமை (மின்சாரம் ஆளுக்குப் பாயாத அமைப்பு) உள்ள கருவியை மட்டுமே பயன்படுத்துங்கள். இணையத்தில் விற்கும் சில்லறை ஈசிஜி போர்டை மேசைக் கணினியில் செருகி ஆளோடு இணைப்பது இந்தச் சோதனைக்கு ஆகாது.

கூடவே பிபியும் எடுக்கிறீர்களா? பங்கேற்பாளர் முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்தில், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு. அளந்து முடித்ததும் கடைசி இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். மானோமீட்டரில் 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு இருப்பதால், கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். 120, 110, 130 என்று பூஜ்யமாகவே நிறைந்திருந்தால் அளந்தவர் காதால் கேட்காமல் மனதால் முடிவு செய்திருக்கிறார்.

நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். தாள் கழற்ற முடியாத, பக்க எண் போட்ட நோட்டு. பேனா. அடித்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, கையெழுத்து. ஒவ்வொரு அமர்விலும் அறை வெப்பநிலை, நீரின் வெப்பநிலை முகம் வைக்கும் முன்னும் எடுத்த பின்னும், கடைசியாகக் காபி குடித்த நேரம், சாப்பிட்ட நேரம், ஏதாவது விசித்திரமாக நடந்ததா என எல்லாம். அற்பமாகத் தோன்றுவதையும் ஏன் எழுத வேண்டும் என்பதற்கு சிட்னி ரிங்கரின் கதையைவிடச் சிறந்த பதில் எனக்குத் தெரியாது. லண்டன் மருத்துவரான அவர், உப்புக் கரைசலில் தவளை இதயம் நெடுநேரம் துடிப்பதாக 1882-இல் எழுதினார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்கப்படவில்லை, குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது. வடித்த நீரில் தயாரித்தபோது இதயம் நின்றுபோனது. குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை துடிப்பைக் காப்பாற்றியிருந்தது. ரிங்கர் அதை மறைக்கவில்லை. 1883-இல் அதே இதழில், எந்த கம்பெனியின் குழாய் நீர் என்பது உட்பட, எழுதி வெளியிட்டார். இதயத் தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்ற அறிவு நமக்கு அப்படித்தான் வந்தது. ஆகவே நீர் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்.

படி 6: எண்களைப் பார்ப்பது

முதலில் படம், பிறகு கணக்கு. படி 3-இல் வரைந்த வெற்று வரைபடத்தில் ஒவ்வொருவரின் புள்ளிகளையும் வையுங்கள். 24 கோடுகளில் 21 கீழே இறங்கி மூன்று மேலே ஏறினால், அந்த மூவரின் பக்கங்களை நோட்டில் புரட்டுங்கள். நீரில் முகம் வைத்ததும் பதறி அசைந்தார் என்று எழுதியிருக்கலாம். அதற்காக அவர்களை நீக்கிவிட முடியாது. யாரை நீக்குவது என்ற விதி முன்பே எழுதப்பட்டிருந்தால் மட்டும் நீக்கலாம்.

சராசரியைப் பெட்டிபோல நிற்கும் பட்டை வரைபடமாகப் போடும் பழக்கத்தை விடுங்கள். வைஸ்கெர்பரும் சக ஆய்வாளர்களும் 2015-இல் உடலியங்கியல் இதழ்களை ஆராய்ந்து, முற்றிலும் வேறான தரவுகள்கூடப் பட்டையாகப் போட்டால் ஒன்றுபோலவே தெரியும் என்று எடுத்துக்காட்டினார்கள். சிறு மாதிரியில் ஒவ்வொரு புள்ளியும் தெரிய வேண்டும்.

ஒரே ஆளிடம் இரண்டு அளவு என்பதால் இணை டி-சோதனை (paired t-test). இந்தச் சோதனை பிறந்ததும் உடலியங்கியலுக்குப் பக்கத்தில்தான். கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொடுத்தது, பத்துப் பேர் வெவ்வேறு மருந்து சாப்பிட்டு எவ்வளவு கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற கணக்கு. நம் முதன்மை ஒப்பீடு ஒன்றுதான், காற்று எதிர் 15 டிகிரி நீர். அறை வெப்ப நீர் இரண்டாம்நிலை. அதை அப்படியே சொல்லிவிடுங்கள். ஜமோவி போன்ற இலவச மென்பொருள் போதும்.

திட்டவிலக்கத்துக்கும் திட்டப்பிழைக்கும் (standard error) உள்ள வேறுபாட்டில் தேர்வில் தேறியவர்களும் ஆய்வில் சறுக்குகிறார்கள். திட்டவிலக்கம் 8, ஆட்கள் 24 என்றால், 8-ஐ 24-இன் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும் திட்டப்பிழை 1.63. படத்தில் சின்னக் கோடாக அழகாக இருக்கும் என்பதற்காகப் பலர் திட்டப்பிழையைப் போடுகிறார்கள். ஆட்களிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டத் திட்டவிலக்கம், கண்டுபிடித்த சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று காட்ட 95 சதவீத நம்பக இடைவெளி. எதைப் போட்டீர்கள் என்று படத்தின் அடியிலேயே எழுதுங்கள்.

படி 7: எழுதுவது

நல்ல செய்தி, பாதி எழுதியாகிவிட்டது. நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்ததை எதிர்காலத்திலிருந்து இறந்தகாலத்துக்கு மாற்றினால் செய்முறைப் பகுதி. படம் தயார். எனவே முன்னுரையில் தொடங்காதீர்கள். செய்முறை, முடிவுகள், விவாதம், முன்னுரை, கடைசியாகச் சுருக்கம் என்ற வரிசையில் எழுதுங்கள்.

முடிவுகளில் நான் அடிக்கடி சிவப்பு மையால் அடிக்கும் வாக்கியம் இது: “குளிர்நீரில் இதயத் துடிப்பு புள்ளியியல்படி மிகவும் குறிப்பிடத்தக்க வகையில் குறைந்தது.” எவ்வளவு? அதைத்தான் வாசகர் கேட்கிறார். எண்கள் கற்பனைதான், ஆனால் அமைப்பைப் பாருங்கள்: “காற்றில் மூச்சடக்கியதைவிட 15 டிகிரி நீரில் துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 9 குறைந்தது, 95 சதவீத நம்பக இடைவெளி 5.6 முதல் 12.4 வரை, 24 பேரில் 21 பேருக்குக் குறைந்தது.” இதைப் படித்தவர் படத்தைப் பார்க்காமலேயே கண்முன் வரைந்துகொள்ளலாம்.

விவாதப் பகுதியில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். துடிப்பு குறைந்தது என்று அளந்துவிட்டு, “வேகஸ் செயல்பாடு அதிகரித்தது என்று நிரூபித்துள்ளோம்” என்று எழுதிவிடுவார்கள். வேகஸை நீங்கள் அளக்கவில்லை. வேகஸின் விளைவைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்தால் இந்த மந்தத் துடிப்பு மறைந்துவிடுகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைச் சொல்லி, நம் முடிவு அதோடு ஒத்துப்போகிறது என்று எழுதலாம். அளந்தது, ஊகித்தது, பிறர் காட்டியது என்று மூன்று நிறத்தில் வாக்கியங்களுக்குக் கோடு போட்டுப் பாருங்கள். ஊகத்தின் நிறமே பக்கம் முழுக்க இருந்தால் குறைக்க வேண்டும்.

தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலக் கட்டுரையை ஆங்கிலத்திலேயே யோசித்து எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒவ்வொரு பத்தியிலும் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை முதலில் தமிழில் வாய்விட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அதைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். இதழாசிரியர்கள் இலக்கணப் பிழையைத் திருத்தித் தருவார்கள். குழம்பிய சிந்தனையைத் திருத்தித் தர மாட்டார்கள். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் மொழியைச் செப்பனிடக் கொடுத்தால், அதை இதழின் விதிப்படி வெளிப்படையாகச் சொல்லுங்கள். மேற்கோள்களை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு இருப்பதுபோல ஆசிரியரும் பக்க எண்ணும் கொடுத்துவிடும். பிறர் வாக்கியத்தை அப்படியே எடுப்பதும் வேண்டாம். யுஜிசியின் 2018 விதிமுறைகள் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட ஒத்த பகுதிக்குப் படிப்படியாகத் தண்டனை வைத்திருக்கின்றன.

ஆசிரியர் பெயர் வரிசையை இப்போது அல்ல, படி 1-இலேயே பேசியிருக்க வேண்டும். நம் ஊரில் இதைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். “மேடம், யார் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்று இப்பவே எழுதி வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல வழிகாட்டிக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கும்.

படி 8: பேசுவது

ஐசிஎம்ஆர் 1979 முதல் நடத்திவரும் எஸ்டிஎஸ் என்ற இரண்டு மாத மாணவர் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தால், அறிக்கையோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். துறைக் கருத்தரங்கு, மாநில மாநாடு, இந்திய உடலியங்கியல், மருந்தியல் வல்லுநர் சங்கத்தின் ஆண்டு மாநாடான ஆப்பிகான் என ஏதாவது ஒரு மேடையில் ஏறுங்கள்.

போஸ்டர் என்றால் நடுவில் உங்கள் ஒரே வரைபடம், இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும் அளவுக்கு. மேலே தலைப்பாக முடிவையே எழுதுங்கள். முழுக் கட்டுரையையும் சின்ன எழுத்தில் ஒட்டி வைத்தால் அருகில் வருபவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அருகில் நிற்பவரிடம் சொல்ல இரண்டு நிமிடப் பேச்சு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

வாய்மொழி உரைக்கு எட்டு நிமிடம் கொடுத்தால் ஏழு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். படம் திரையில் வந்ததும் உடனே முடிவைச் சொல்லாதீர்கள். “கிடை அச்சில் மூன்று நிலைகள், நெடு அச்சில் துடிப்பு, ஒவ்வொரு கோடும் ஓர் ஆள்” என்று சொல்லி, அவர்கள் கண் அங்கே போய்ச் சேர மூன்று விநாடி கொடுங்கள். பிறகு, “24 பேரில் 21 பேருக்குக் கோடு இறங்குகிறது” என்று சொல்லுங்கள்.

கேள்வி நேரத்துக்குத்தான் பயம் அதிகம். யாரோ ஒரு மூத்த பேராசிரியர், “உடற்பயிற்சி செய்பவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தீர்களா?” என்பார். பார்க்கவில்லை என்றால் “பார்க்கவில்லை சார், எங்கள் மாதிரி அதற்குப் போதாது” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் புதிதாக ஒரு விளக்கத்தை உருவாக்கும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். கேள்வி காதில் சரியாக விழவில்லை என்றால் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.

பங்கேற்ற மாணவர்களுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் அனுப்புங்கள். முகத்தை ஐஸ் நீரில் வைத்தவர்களுக்கு என்ன தெரிந்தது என்று அறியும் உரிமை உண்டு. நம் ஊரில் இதை மிகச் சிலரே செய்கிறார்கள்.

படி 9: இதழுக்கு அனுப்பி, பதில் எழுதுவது

1957 முதல் வரும் இந்திய உடலியங்கியல், மருந்தியல் இதழ், அமெரிக்க உடலியங்கியல் சங்கத்தின் உடலியங்கியல் கற்பித்தலுக்கான இதழ் போன்றவற்றின் பழைய இதழ்களைப் புரட்டி, உங்கள் கட்டுரை எங்கே பொருந்தும் என்று பாருங்கள். “மதிப்பிற்குரிய டாக்டர், மூன்று நாளில் வெளியிடுகிறோம்” என்று மின்னஞ்சலில் வரும் அழைப்புகளைத் திறக்காமலே அழித்துவிடலாம்.

மதிப்பாய்வாளர் குறிப்புகள் வந்த அன்று பதில் எழுதாதீர்கள். கோபம் எழுத்தில் தெரியும். மறுநாள் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எண்ணிட்டு நகலெடுத்து, கீழே உங்கள் பதிலையும் கட்டுரையில் எந்த வரியில் மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒத்துக்கொள்ள முடியாத குறிப்புக்குக் காரணத்தோடு மறுப்பு எழுதலாம், எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றும் இடத்தில் மட்டும் உங்கள் வாக்கியத்தை மறுபடி படியுங்கள். பெரும்பாலும் அங்கே இரண்டு பொருள் வரும்படி எழுதியிருப்பீர்கள். அதைத் திருத்தி, இணையாசிரியர்கள் எல்லோரிடமும் காட்டி, கொடுத்த கெடுவுக்குள் அனுப்புங்கள். ஈசிஜியின் மூலக் கோப்புகளையும் நோட்டையும் துறையிலேயே ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஆண்டு மே மாதத்துக்குப் பதில் டிசம்பரில் இதே சோதனையைச் செய்யப்போகும் ஜூனியருக்கு அவை வேண்டும்.